நூறு பேர் பாடினால் நூறு மடங்கு சத்தமா?

பிரிட்டனில் முன்பு 'எக்ஸ் ஃபேக்டர்' என்றொரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சி நடந்தது. நடுவர்கள் மேடைக்கு வருகிறார்கள். சும்மா நடந்துதான் வருகிறார்கள். ஆனால் பின்னணியில் நூற்றுக்கணக்கான குரல்கள் சேர்ந்து, நாளைக்குச் சூரியன் உதிக்கப் போவதில்லை என்பதுபோல முழங்குகின்றன. அதே முழக்கம் 1970களில் அங்கே ஒரு விளம்பரத்திலும் வந்தது. பெரிய அலைமேல் ஒருவர் பலகையில் சறுக்கி வருவார், குரல்கள் அதிரும், கடைசியில் பார்த்தால் முகச்சவரம் செய்தபின் பூசிக்கொள்ளும் 'ஓல்ட் ஸ்பைஸ்' பாட்டில்! 1981இல் வந்த 'எக்ஸ்காலிபர்' படத்தில் ஆர்தர் அரசரும் வீரர்களும் பூத்துக் குலுங்கும் மரங்களுக்கு நடுவே குதிரையில் பாயும்போதும் இதே பாட்டுதான்.

பாட்டின் பெயர் 'ஓ ஃபோர்ச்சுனா'. இசை அமைத்தவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த கார்ல் ஓர்ஃப். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் இதை எங்காவது கேட்டிருப்பீர்கள். கார்ட்டூனில் ஒரு பூனை மாடிப்படியில் இறங்கி வருவதைப் பயங்கரமாகக் காட்டவேண்டும் என்றாலும் இதைத்தான் போடுகிறார்கள்.

இப்படிப்பட்ட கூட்டுக்குரல் கேட்டதும் கையில் ரோமம் ஏன் நிற்கிறது? ஒருவர் பாடினால் வராத கம்பீரம் நூறு பேர் பாடும்போது எங்கிருந்து வருகிறது? நிறைய பேர், நிறைய சத்தம் என்று சட்டெனப் பதில் சொல்லத் தோன்றும். அந்தப் பதில் பாதிகூடச் சரியில்லை. அதைப் பார்ப்பதற்கு முன் பாட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே ஒரு புதையல் கதை.

1803இல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில், பெனடிக்ட்பாய்ர்ன் என்ற ஊரின் மடாலயத்தில் ஒரு பழைய கையெழுத்துச் சுவடி கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டில் எழுதியது. மடாலயத்தில் இருந்ததால் முழுக்கப் பக்திப் பாட்டு என்று நினைக்காதீர்கள். காதல், கேலி, விருந்து, சூதாட்டம் எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலும் லத்தீன் மொழி. சுவடியில் ஒரு படமும் இருக்கிறது: பெரிய சக்கரம், உச்சியில் கிரீடத்தோடு ஓர் அரசர், ஒரு பக்கம் மேலே ஏறுகிறவர், மறுபக்கம் தலைகீழாக விழுகிறவர், அடியில் நசுங்கிக் கிடப்பவர். சக்கரத்தைச் சுழற்றுபவள் ஃபோர்ச்சுனா, அதாவது விதிதேவதை. 'என்னை இப்படிப் படுத்துகிறாயே' என்று அவளிடம் ஒருவர் புலம்புவதுதான் இந்தப் பாட்டு. புலம்பல் பாட்டைப் போட்டு வாசனைத் திரவியம் விற்றார்கள்!

சுவடியில் இருந்த பாடல்கள் 1847இல் அச்சாயின. 1934இல் அந்தப் புத்தகம் ஓர்ஃப் கைக்கு வந்தது. 24 பாடல்களைத் தேர்ந்தெடுத்து 'கார்மினா புரானா' என்ற பெரிய படைப்பாக்கினார். 1937 ஜூன் 8ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட்டில் முதல் அரங்கேற்றம். முழுவதும் கேட்க ஒரு மணி நேரம் ஆகும். அதில் சிறுவர்களுக்கென்றே தனிப் பாடகர் குழுவும் உண்டு. பிள்ளைகளின் இசைக்கல்வியிலும் ஓர்ஃபுக்கு ஈடுபாடு உண்டு. பல நாடுகளின் பள்ளிகளில் சிறுவர்கள் தட்டி வாசிக்கும் மரக்கட்டை சைலஃபோன் இருக்கிறதே, வேண்டாத சுரக்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தப்பில்லாமல் வாசிக்கலாமே, அந்தக் கருவிகளும் அந்தக் கற்பித்தல் முறையும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. ஆனாலும் ஒரு மணி நேரப் படைப்பில் உலகம் பிடித்துக்கொண்டது முதல் இரண்டரை நிமிடத்தை மட்டும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஒருவர் பாடுகிறார். பக்கத்தில் அதே பலத்தோடு இன்னும் ஒன்பது பேர் சேர்கிறார்கள். வெளிவரும் ஒலி ஆற்றல் பத்து மடங்கு ஆகிறது. ஒலிமானியில் பார்த்தால் 10 டெசிபல் கூடியிருக்கும். ஆனால் உங்கள் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகத்தான் கேட்கும். நூறு பேர் பாடினால் 20 டெசிபல் கூடும். காதுக்கு நான்கு மடங்கு. ஆயிரம் பேர் என்றால் எட்டு மடங்கு. ஆக, மேடையில் ஒரே ஆளை நிறுத்தினாலும் நூறு பேரை நிறுத்தினாலும் சத்தத்தில் வித்தியாசம் நான்கே மடங்கு! நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் தயாரிப்பாளர் இந்தக் கணக்கைப் பார்த்தால் அழுதுவிடுவார்.

காது ஏன் இப்படிக் கஞ்சத்தனம் செய்கிறது? அதற்கு வேறு வழியில்லை. இலை உரசும் சத்தமும் அதற்குக் கேட்கவேண்டும், பக்கத்தில் இடி இடித்தால் அதையும் தாங்கவேண்டும். நம்மால் கேட்கமுடிகிற மிகச் சிறிய ஒலிக்கும் காது வலிக்கத் தொடங்கும் ஒலிக்கும் இடையே ஆற்றலில் ஒரு லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். இவ்வளவு பெரிய வீச்சை ஒரே கருவி அளக்கவேண்டும் என்றால் மடங்குகளைச் சுருக்கித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தேர் இழுக்கும்போது வடம் பிடித்த நூறு பேரும் ஒரே நொடியில் இழுத்தால்தான் முழுப் பலமும் சேரும். ஆளாளுக்கு ஒரு நேரம் இழுத்தால் ஒருவர் இழுப்பதில் ஒரு பங்கை மற்றவர் வீணாக்குவார். பாடகர்களின் ஒலி அலைகள் இரண்டாவது வகை. ஒருவருடைய அலை மேலே ஏறும்போது இன்னொருவருடையது இறங்கிக்கொண்டிருக்கும். நூறு பேரின் அலைகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக ஏறி இறங்கினால் ஆற்றல் பத்தாயிரம் மடங்கு ஆகியிருக்கும். ஏறி இறங்குவதில் பொருத்தம் இல்லாததால் நூறு மடங்கோடு நின்றுவிடுகிறது.

இந்தப் பொருத்தமின்மை நஷ்டம்போலத் தெரிகிறது அல்லவா? இல்லவே இல்லை. கூட்டுக்குரலின் மாயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒருவர் 'ஆ' என்று பாடுகிறார். அவருடைய குரல்நாண்கள் நொடிக்கு 220 முறை திறந்து மூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவரும் அதே சுரத்தைத்தான் பாடுகிறார். ஆனால் அவருக்கு 222 வந்துவிடுகிறது. நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கே இந்த ஒன்றிரண்டு பிசகு இருக்கும். இரண்டு ஒலியும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு முறை சத்தம் கூடிக் குறையும். இதைத்தான் உங்கள் இயற்பியல் பாடத்தில் 'விம்மல்கள்' என்று படிப்பீர்கள். இரண்டு பேர் பாடும்போது விம்மல் தனியாகக் காதில் விழும். சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும். மூன்றாமவர் 219இல் பாடுகிறார், நான்காமவர் 221இல். இப்போது ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விம்மல். நூறு பேர் இருந்தால் 4,950 ஜோடிகள்! அத்தனை விம்மலும் ஒன்றோடொன்று கலந்து எதுவுமே தனியாகப் பிடிபடாமல் போகிறது. ஒலி முழுக்க மினுங்கத் தொடங்குகிறது. யார் குரல் என்று மூளையால் பிரிக்க முடியவில்லை. 'இது ஓர் ஆள் இல்லை, பெரிய கூட்டம்' என்று மட்டும் அதற்குப் புரிகிறது.

சுரத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும் இதே கதைதான். எல்லோரும் ஒரே நொடியில் வாயைத் திறப்பதாக நமக்குத் தோன்றினாலும், ஒருவர் துளி முந்துவார், ஒருவர் துளி பிந்துவார். குரல் நடுக்கமும் ஆளுக்கு ஆள் வேறு. பயிற்சி பெற்ற குரல் நொடிக்கு ஐந்தாறு முறை மெல்ல அதிரும். நூறு குரல்களின் அதிர்வும் ஒரே தாளத்தில் இருக்காது. இந்தச் சின்னச் சின்னப் பிசகுகளை எல்லாம் கணினியால் திருத்திக் 'கச்சிதமாக' ஆக்கினால் என்ன ஆகும்? ஒரு ராட்சத ஆள் பாடுவதுபோல இருக்கும். கூட்டம் காணாமல் போய்விடும். மின் கித்தார் வாசிப்பவர்கள் காலடியில் வைத்து மிதிக்கிற சின்னப் பெட்டிகளில் ஒன்றுக்கு 'கோரஸ்' என்றே பெயர். அது செய்கிற வேலை என்ன தெரியுமா? கித்தார் ஒலியை நகல் எடுத்து, நகலின் சுரத்தையும் நேரத்தையும் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகச் செய்து, மூல ஒலியோடு கலந்துவிடும். பிசகை விலைக்கு வாங்குகிறார்கள்!

கம்பீரம் வந்துவிட்டது. ரோமம் நிற்பது எப்படி?

அதற்கு ஓர்ஃப் செய்த தந்திரத்தைப் பார்க்கவேண்டும். பாட்டின் தொடக்கத்தில் முரசு ஒன்று இடிக்கிறது. குழு முழுவதும் உச்சத்தில் பாடுகிறது. சில நொடிகள்தான். திடீரென்று எல்லாம் அடங்கி, கிசுகிசுப்பதுபோல அடிக்குரலில், ஒருசில சுரங்களையே சுற்றிச் சுற்றிப் பாடத் தொடங்குகிறார்கள். ஒரு நிமிடத்துக்குமேல் அப்படியே ஓடுகிறது. எதுவும் மாறுவதில்லை. ஆனால் 'ஏதோ வரப்போகிறது, வரப்போகிறது' என்று நமக்குள் ஒரு துடிப்பு. பிறகு ஒரே அடியில், மேல் ஸ்தாயியில், அத்தனை பேரும் முழுத் தொண்டையில்!

அந்த அமைதியான ஒரு நிமிடத்தில் காதுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடுக்காதில் நம் உடம்பின் மிகச் சிறிய எலும்பு இருக்கிறது. நீளம் மூன்று மில்லிமீட்டர்தான். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டித் தசை. பெரிய சத்தம் கேட்டால் அந்தத் தசை இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். உள்காதுக்குப் போகிற ஒலி கொஞ்சம் குறையும். அமைதியில் தசை தளர்ந்திருக்கும். திடீரென்று முழக்கம் வந்தால் தசை சுதாரிப்பதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடிவிடும். முதல் அடி தடையில்லாமல் உள்ளே போய்விடுகிறது. மூளையும் அதற்குள் திடுக்கிட்டு எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறது. இதயம் வேகம் எடுக்கும், ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் நுண்ணிய தசை சுருங்கும், ரோமம் நிமிரும். அதுதான் புல்லரிப்பு. நாயைக் கண்ட பூனை ரோமத்தைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டுமே, அதே ஏற்பாடுதான் நம்மிடம் மிச்சம் இருக்கிறது. நமக்கு ரோமம் குறைந்துவிட்டதால் யாரையும் பயமுறுத்த முடிவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பயம் என்றால் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்? 2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்டால் தங்களுக்குப் புல்லரிக்கும் இசையைப் பங்கேற்பாளர்களே தேர்ந்தெடுத்து வரச் சொன்னார்கள். அதைக் கேட்கும்போது அவர்களுடைய மூளையைப் படமெடுத்தார்கள். மகிழ்ச்சியோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் இரண்டு கட்டமாகச் சுரந்தது தெரிந்தது. உச்சக்கட்டம் வந்தபோது மூளையின் ஓர் இடத்தில்; அதற்குச் சில நொடிகள் முன்பே, காத்திருந்தபோது, இன்னோர் இடத்தில். அதாவது முழக்கத்தைப் போலவே, 'வரப்போகிறது' என்பதும் நமக்குப் பிடிக்கிறது. ஓர்ஃபின் கிசுகிசுப்பு வீணில்லை. எல்லோருக்கும் புல்லரிக்கும் என்று நினைத்துக்கொள்ளவேண்டாம். எந்தப் பாட்டுக்கும் ரோமம் அசையாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

விளம்பரக்காரர்களுக்கு இந்தப் பாட்டு ஏன் இவ்வளவு வசதி என்பதும் இப்போது புரிந்திருக்கும். தொடக்கத்தை வெட்டினாலும் கடைசியை வெட்டினாலும் ஒரு முழக்கம் கிடைக்கும். வார்த்தை லத்தீன் என்பதால் பார்ப்பவர்களுக்குப் பொருளும் புரியாது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வசதி. புரிகிற வார்த்தை என்றால் காது அதன் பின்னால் ஓடிவிடும், படத்தில் பேசுகிற வசனம் காதில் ஏறாது. இதைப் பிற இசையமைப்பாளர்களும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். 1976இல் வந்த 'தி ஓமன்' என்ற பேய்ப்படத்துக்கு ஜெர்ரி கோல்ட்ஸ்மித் லத்தீனில் ஒரு கூட்டுப்பாடல் அமைத்தார்; அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் விருதே வாங்கினார். அதில் வருவது 'ஓ ஃபோர்ச்சுனா' என்று இன்றும் பலர் சத்தியம் செய்வார்கள். பாவம் கோல்ட்ஸ்மித்.

முழக்கமே இல்லாமலும் கூட்டுக்குரல் நம்மை உலுக்கும். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், ஆதிக் குரங்கு மனிதர்கள் முன்னால் கறுப்பாக, வழவழப்பாக ஒரு பெரிய பலகை திடீரென்று நிற்கும். யார் வைத்தது என்று தெரியாது. அப்போது ஒரு விநோதமான ஓலம் கேட்கும். அதில் மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டியின் 'ரெக்வியம்' அது. படத்தில் நிலாவின்மேல் வாகனம் பறக்கும் காட்சியில் அவருடைய 'லுக்ஸ் ஏட்டெர்னா' வரும். 16 தனித்தனிக் குரல்களுக்காக அவர் 1966இல் எழுதியது. ஓர்ஃப் எல்லோரையும் ஒரே சுரத்தில் நிறுத்தினார் என்றால், லிகெட்டி ஆளுக்கொரு சுரம் கொடுத்தார்; அதுவும் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள்.

இது ஏன் நம்மைக் குழப்புகிறது? நம் உள்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் நீளமாக ஒரு சவ்வு, அதன்மேல் ஒலியை மூளைக்குச் சொல்லும் சுமார் 3,500 செல்கள். கீச்சொலி சவ்வின் ஒரு முனையையும் அடிக்குரல் மறு முனையையும் அசைக்கும். சுரங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் தனித்தனி இடம் அசையும். எது எது என்று மூளை எளிதில் சொல்லிவிடும். நெருங்கிய சுரங்கள் ஒன்றாக வந்தால் அசையும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். மூளைக்கு அது சுரமாகவும் தெரியாது, இரைச்சலாகவும் தெரியாது. மனிதக் குரல் என்று மட்டும் தெரியும். எத்தனை பேர், எங்கே, என்ன பாடுகிறார்கள், ஒன்றும் பிடிபடாது. வேற்றுலகப் பொருளைக் காட்ட இதைவிட நல்ல ஒலியை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எங்கே தேடியிருக்கமுடியும்? லிகெட்டியிடம் முறையாக அனுமதி கேட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம். அதனால் எழுந்த வழக்கைப் பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

பிசகு நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அளவு மீறினால்? ஜப்பானின் ஒசாகா நகரில் 1983 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்தாயிரம் பேர் கூடி பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியின் கூட்டுப்பாடலைப் பாடுகிறார்கள். 1824இல் வியன்னாவில் அரங்கேறிய அந்தப் பாடல் ஜப்பானுக்குப் போன கதை விசித்திரமானது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் வீரர்கள், 1918 ஜூன் 1ஆம் தேதி பாண்டோ என்ற கைதிகள் முகாமில் அந்தச் சிம்பொனியை முழுமையாக நிகழ்த்தினார்கள். இன்று வருடக் கடைசியில் ஊர்தோறும் அதைப் பாடுவது ஜப்பானில் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

பத்தாயிரம் பேர் பாடுகிற அரங்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். எதிரெதிர் மூலையில் நிற்கும் இருவருக்கு நடுவே நூறு மீட்டர் இடைவெளி என்றால், ஒருவர் பாடியது மற்றவர் காதுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். அந்தப் பாட்டின் வேகத்தில் அது கிட்டத்தட்ட ஒரு சுரத்தின் நேரம்! பக்கத்தில் கேட்பதை வைத்துப் பாட ஆரம்பித்தால் ஒரு மூலை முன்னே போகும், ஒரு மூலை பின்னே இழுக்கும், பாட்டு கூழாகிவிடும். அதனால் காதை நம்பாதே, கண்ணை நம்பு என்பதே அங்கே சட்டம். இசை நடத்துநர் கையில் இருக்கும் குச்சி எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? ஒளி ஒலியைவிட எட்டரை லட்சம் மடங்குக்குமேல் வேகமாகப் போகும். குச்சியின் அசைவு அரங்கின் கடைசி வரிசைக்கும் அதே கணத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.

சேர்ந்து பாடுகிறவர்களுக்குள் இன்னொன்றும் பொருந்திவிடுகிறது. 2013இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்றாகப் பாடும் இளைஞர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். துடிப்பின் வேகம் எல்லோருக்கும் ஒன்றாகக் கூடி, ஒன்றாகக் குறைந்தது. காரணம் மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் துடிப்பது எல்லோருக்கும் இயல்பு. ஒரே பாட்டு என்றால் மூச்சு எடுக்கும் இடமும் ஒன்றுதான்.

இனி உங்கள் முறை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல குரல்களைப் பதிகிற செயலி கைபேசிக்கு இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்த ஒரு பாட்டின் முதல் வரியை ஒரே ஒரு முறை பாடிப் பதியுங்கள். அதைப் பத்து நகல் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் தொடங்கும்படி அடுக்கிக் கேளுங்கள். அலைகள் அச்சுப் பிசகாமல் சேர்வதால் சத்தம் ஏகத்துக்குக் கூடும், காதுக்கு நான்கு மடங்கு. ஒலி உடையாமல் இருக்க அளவைக் குறைக்கவேண்டியிருக்கும். ஆனால் பாடுவது நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று நன்றாகத் தெரியும். இப்போது நகல்களை அழித்துவிட்டு, அதே வரியைப் பத்து முறை தனித்தனியாகப் பாடிப் பதியுங்கள். எவ்வளவு கவனமாக ஒரே மாதிரி பாடினாலும் பரவாயில்லை. பிசகு தானாக வரும். சேர்த்துக் கேட்டால் அறைக்குள் ஒரு கூட்டம் நிற்கும்.

பெரிய குழுவுக்குக் காசில்லாத திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். இருபது பாடகர்களை வைத்து ஒரே பகுதியை மூன்று முறை பாடவைத்து அறுபது பேர் ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் பாடகர்களை இடம் மாறி நிற்கச் சொல்வதும் உண்டு. ஒரே குரல் ஒரே மூலையிலிருந்து மூன்று தடவை வந்தால் காது கண்டுபிடித்துவிடுமே!